வெட்டாத ஸ்டாண்ட்

போன மாதம் லாஸ்பேட்டையில் ஒரு காய்கறிக் கடை வாசலில் என் பைக் விழுந்துவிட்டது. சைடு ஸ்டாண்ட் போட்டு நிறுத்திவிட்டு முள்ளங்கி பொறுக்கிக்கொண்டிருக்கிறேன்... டமார்! ஸ்டாண்ட் இருக்கிற பக்கம் இல்லை. இல்லாத பக்கமாக விழுந்து கிடக்கிறது.

பைக் என் கணவருடையது. அவர் ஆறடி. நான் — இந்தப் பக்கத்துப் போட்டோவில் முகத்தை மட்டும் பார்க்கும் உங்களுக்குத் தெரியாது — அவர் தோளுக்குக்கூட வரமாட்டேன். அவருடையது பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பம். வேலைக்காக பிரான்ஸ் போனவர் பொங்கலுக்கு வந்துவிடுவதாகச் சொன்னார். பொங்கல் வந்தது, அவர் வரவில்லை. அடுத்த பொங்கலும் அப்படியே போயிற்று.

முன்பெல்லாம் தெருமுனையில் அந்த பைக் சத்தம் கேட்டால்தான் தோசைக்கல்லை அடுப்பில் வைப்பேன். அவர் போனபின் அந்தச் சத்தத்துக்கு அப்படி ஏங்கினேன். சரி, நாமே ஓட்டினால் என்ன?

கால் எட்டவில்லை! கருவடிக்குப்பத்து மெக்கானிக் செல்வம் குட்டையான ஷாக் அப்சார்பர் மாட்டி வண்டியை இறக்கிக் கொடுத்தார். வண்டி இறங்கியது சரி... ஸ்டாண்ட் பழைய நீளம்தானே? வண்டியைச் சாயவிடாமல் நெட்டுக்குத்தாக நிறுத்துகிறது. லேசாகக் காற்றடித்தால் போதும், அந்தப் பக்கம் விழுந்துவிடும்.

"சிம்பிள்க்கா. வெல்டிங் கடையில கொஞ்சம் வெட்டி ஒட்டிட்டா முடிஞ்சிது" என்றார் செல்வம்.

"வெட்டக் கூடாது."

"ஏன்க்கா?"

என்னவென்று சொல்வது? கழற்றிய ஷாக் அப்சார்பர் பரணில் பத்திரமாக இருக்கிறது. அவர் வந்ததும் மாட்டிவிடலாம். ஆனால் ஸ்டாண்டை வெட்டினால்... இனி அவர் வரமாட்டார் என்று நானே முடிவு கட்டின மாதிரி ஆகாதா? பைத்தியக்காரத்தனம்தான். இருந்துவிட்டுப் போகட்டுமே!

"அவரு வந்தா வேணும் செல்வம். வேற ஸ்டாண்ட் தேடலாம்."

சேதராப்பட்டு போகிற வழியில் ஒரு பழைய சாமான் கடை. துருப்பிடித்த குவியலில் இருந்து ஒவ்வொன்றாக எடுத்து மாட்டிப் பார்த்தோம். ஒன்றில் வண்டி ஒரேயடியாகச் சாய்ந்தது. "இது படுத்துத் தூங்கப் போவுதுக்கா" என்று சிரித்தார் செல்வம். கடைசியில் ஏதோ ஒரு சின்ன வண்டியின் ஸ்டாண்ட் கச்சிதமாகப் பொருந்தியது.

நேராக பீச் ரோட்டுக்குப் போய் நிறுத்தினேன். கடல் காற்று என்னமாய் அடித்தது! வண்டி அசையவில்லை. அவர் நிறுத்துகிற மாதிரியே சாய்ந்து நின்றது. எல்லோரும் கடலைப் பார்த்தார்கள். நான் வண்டியைப் பார்த்து அழுதேன்.

ஞாயிற்றுக்கிழமை போனில் அவரிடம் எல்லாவற்றையும் ஒப்பித்தேன்.

"உங்க ஸ்டாண்ட வெட்டலீங்க. எண்ணெ போட்டு வச்சிருக்கேன். நீங்க வந்ததும் மாட்டிக்கலாம்."

அவர் உடனே கேட்டார்.

"எதுக்கு மாத்தணும்? நீயே ஓட்டு. நான் வந்தா பின்னால உக்காந்துக்கறேன்."

அன்றிலிருந்து பின் சீட்டில் மளிகைப் பையைக்கூட வைப்பதில்லை.