நண்டுப் பாடத்திட்டம்

மகள் பள்ளிக்கூடத்தை விட்டபோது அவளுக்குப் பதினான்கு வயது. வகுப்புக்குள் போனாலே மூச்சு முட்டுகிறது என்றாள். “கட்டாயப்படுத்த வேணாம். வீட்டில படிக்கட்டும். பிள்ளைக்குப் பிடிச்சதில இருந்து தொடங்குங்க” என்றார் டொக்டர். சொல்லிவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார். மிச்சமெல்லாம் என் தலையில் விழுந்தது. கணவருக்குப் பாசிக்குடாவில் ஹோட்டல் சமையலறை வேலை; லீவு கிடைத்தால்தான் வீட்டுக்கு வருவார்.

அவளுக்குப் பிடித்தது நண்டு. எங்கள் வீடு வாவிக்கரையில். பக்கத்து வீட்டுக்காரர் வலையிலிருந்து நண்டு கழற்றும்போதெல்லாம் போய்க் குந்திக்கொள்வாள். ஒன்றைக் கேட்டு வாங்கிவந்து, தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் பேசினுக்குள் விட்டாள். அது பழைய ஓட்டைக் கழற்றிக்கொண்டு வெளியே வந்ததைச் சாப்பாடும் மறந்து பார்த்தாள். வெகுநாளைக்குப் பிறகு அவள் முகம் தெளிந்திருந்தது.

விட்டேனா நான்? வலையில் வரும் நண்டுகளின் ஓட்டு அகலத்தை அளந்து சராசரி காணச் சொன்னேன், அது கணிதம். கடலோடு சேரும் முகத்துவாரம் வரை வாவியை வரையச் சொன்னேன், அது புவியியல். தமிழுக்கு யோசிக்கவே தேவையிருக்கவில்லை: ‘ஒரு நண்டின் சுயசரிதை’. குடையையும் பழைய செருப்பையும் பேச வைத்துப் பரீட்சை எழுதிய பரம்பரை அல்லவா நாங்கள்! வேலையால் வந்து, சோறு வடித்துவிட்டு, தூக்கம் சொக்கும் கண்ணோடு அவளுடைய நண்டின் சோகக் கதையைச் சிவப்புப் பேனையால் திருத்தினேன்.

ஒருநாள் பின்னேரம் பேசின் வெறுமையாகக் கிடந்தது. நண்டை வாவியில் விட்டுவிட்டாளாம்.

“ஏன் புள்ள?”

“அலுத்துப் போச்சு.”

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று எனக்குத் தெரியாதா என்ன? ஆனாலும் விடவில்லை. வேறென்ன பிடிக்கும், வேறென்ன பிடிக்கும் என்று துளைத்தேன். எதற்கும் “ஒண்டுமில்ல” என்றாள். ஒன்றுமில்லாததிலிருந்து எந்தப் பாடத்தைத் தொடங்குவது? எனக்கும் அலுத்துவிட்டது.

போன கிழமை கணவர் லீவில் வந்திருந்தார். கிணற்றடியில் தகப்பனும் மகளும் எதையோ குனிந்து பார்த்துச் சிரிக்கும் சத்தம் கேட்டது. அவள் சிரிப்பைக் கேட்டு எத்தனை மாதம்! ஈரக் கையோடு குசினி வாசலுக்கு ஓடினேன்.

“அம்மாட்ட சொல்லிராதீங்க அப்பா.”

“ஏன், தெரிஞ்சா என்ன?”

“பாடமாக்கிருவா. பொறகு எனக்கு இதும் பிடிக்காமப் போயிரும்.”

அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. யாருக்காகடி இவ்வளவு பாடும் என்று கேட்க வாய் உன்னியது. சத்தம் காட்டாமல் அடுப்படிக்குத் திரும்பினேன்.

அது என்னவென்று எனக்கு இன்னும் தெரியாது. பிள்ளை சிரிக்கிறாளே, அது போதும் என்று சொல்லிக்கொள்கிறேன். போதவில்லை.