சுவருக்கு வைத்த பொட்டு

உலகத்தில் எங்கேயாவது நிலம் நடுங்கினால் போதும், எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் என் தலை உருளத் தொடங்கிவிடும். "மேடம், நமக்கும் வருமா?" என்று ஆளாளுக்குக் கேட்பார்கள். நான் ஆராய்வது வேறு வகை நிலநடுக்கம் என்று சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. பூமிக்கு அடியில் பிரம்மாண்டமான பாறைகள் ஒன்றையொன்று அழுத்திக்கொண்டு கிடக்கின்றன. சில சமயம் அவை சட்டென்று நழுவும், வீடுகள் விழும். சில சமயம் அதே நழுவல் வாரக்கணக்கில், மாதக்கணக்கில், யாருக்கும் தெரியாமல் நடக்கும். தம்ளரில் இருக்கும் தண்ணீர்கூட அசையாது. இந்த இரண்டாவது வகையின் பின்னால்தான் நான் இத்தனை வருடமாக அலைகிறேன். மலையடிவாரங்களில் கருவிகளை நட்டுவிட்டு வந்து, பெங்களூரில் கணினி முன் உட்கார்ந்து, ஒரு கருவிக்கும் அடுத்த கருவிக்கும் நடுவே உள்ள தூரம் அரிசி மணி அளவாவது கூடியிருக்கிறதா என்று பார்ப்பதுதான் என் பிழைப்பு. யாரையும் குலுக்காத நிலநடுக்கத்துக்கு ஒரு விஞ்ஞானி எதற்கு என்று என் கொழுந்தனார் கேட்டார். நியாயமான கேள்விதான்.

இந்தத் துறைக்கு எப்படி வந்தீர்கள் என்று மாணவர்கள் கேட்டால் என் பேராசிரியரைச் சொல்வேன். அது பொய்யில்லை. ஆனால் அவரைப் பார்ப்பதற்கு வெகுகாலம் முன்பே, பெங்களூர் ஜோகுபாளையத்தில் எங்கள் வீட்டுக் குளியலறையில் இது ஆரம்பித்துவிட்டது.

அது ஒரே வீடு. நடுவில் சுவர் வைத்து இரண்டாகப் பிரித்திருந்தார்கள். இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் பெரியப்பா குடும்பம். பெரியப்பா ஒன்று சொல்லிவிட்டால் அப்பாவுக்கு அதற்கு மேல் பேச்சில்லை. அம்மாவோ பெரியப்பாவிடம் நேராகப் பேசவே மாட்டாள். புருஷனின் அண்ணன் எதிரில் வாய் திறப்பது எங்கள் குடும்பத்தில் வழக்கமில்லை. அதனால் நான்தான் தபால்காரி. பெரியப்பா இலை முன் உட்கார்ந்திருப்பார். "பாப்பா, பெரியப்பாவுக்கு இன்னும் ரசம் வேணுமான்னு கேளு" என்பாள் அம்மா. "போதும்னு சொல்லு" என்பார் அவர். இரண்டு பேர் காதிலும் எல்லாம் விழுந்திருக்கும். இருந்தாலும் நான் இரண்டையும் ஒரு எழுத்து விடாமல் திருப்பிச் சொல்வேன். எனக்கு அதில் பெருமை.

அம்மா குளிக்கப் போகும்போது நெற்றியில் இருக்கும் ஸ்டிக்கர் பொட்டை எடுத்து, குளியலறைக் கண்ணாடிக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டிவிடுவாள். எல்லார் வீட்டிலும் நடப்பதுதான். பசை இருக்கிற வரை அதையே எடுத்து மறுபடி வைத்துக்கொள்வாள், பசை போனதும் அது சுவருக்கே சொந்தமாகிவிடும். அந்தச் சுவர்தான் இரண்டு வீட்டுக்கும் நடுச்சுவர். அதில் தலைமுடி மாதிரி ஒரு விரிசல் இருந்தது. அதன் மேல் ஒரு மெரூன் பொட்டு. ஒருநாள் பல் தேய்க்கும்போது பார்த்தேன், அந்தப் பொட்டு ஒரு பக்கம் மட்டும் பிடிப்பு விட்டுத் தூக்கிக்கொண்டு நின்றது. அழுத்தி ஒட்டினேன். கொஞ்ச நாளில் மறுபடி தூக்கிக்கொண்டது. எனக்கு ஏதோ தோன்றி, அம்மாவின் அட்டையிலிருந்து இரண்டு சின்னப் பொட்டுகளை எடுத்து விரிசலின் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்றாக, இரண்டும் முட்டிக்கொண்டு நிற்கும்படி ஒட்டினேன். கீழே இன்னொரு ஜோடி, மேலே ஸ்டூல் போட்டு ஏறி இன்னொரு ஜோடி.

மழைக்காலம் வந்தபோது எல்லா ஜோடிகளுக்கும் நடுவில் என் நகம் நுழைந்தது. சுவர் நகருகிறது என்று வீடு முழுக்கச் சொன்னேன். பெரியப்பா விழுந்து விழுந்து சிரித்தார். "எங்க போகுதாம்? அல்சூர் ஏரிக்குக் காத்து வாங்கவா?" என்றார். அம்மா சிரிக்கவில்லை. பொட்டு அட்டையைத் தீர்த்துவிட்டேன் என்று திட்டினாள். மறுநாள் கண்ணாடி அலமாரியில் புது அட்டை ஒன்று இருந்தது.

பெரியப்பா அப்போது மாடி கட்டிக்கொண்டிருந்தார். அவருக்கு ஒரே மகள். அந்த அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாடியில் தனிக்குடித்தனம் வைத்துத் தருவதாக மாப்பிள்ளை வீட்டாரிடம் பெரியப்பா வாக்குக் கொடுத்திருந்தார். கீழே நாங்களும் அவர்களும் படுத்திருக்க, மேலே அக்கா. புதுத் தளத்தின் பாரம் முழுக்க அந்த நடுச்சுவரில்தான் இறங்க வேண்டும்.

தளம் போடுகிற அன்று காலையிலேயே தெருவில் கலவை மிஷின் வந்து நின்றுவிட்டது. சம்பந்தி வீட்டிலிருந்தும் இரண்டு பேர் வந்திருந்தார்கள். பெரியப்பா தேங்காயைக் கையில் எடுத்துவிட்டார். நான் குளியலறையில் பொட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் அம்மா வந்து நின்றாள். ஒரு தீக்குச்சியை எடுத்து இரண்டு பொட்டுக்கும் நடுவே இருந்த விரிசலில் வைத்தாள். அது உள்ளே போய்விட்டது. அம்மா வாசலுக்கு நடந்தாள். என்னிடம் ஏதாவது சொல்லி அனுப்புவாள் என்று பின்னாலேயே ஓடினேன். அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவே இல்லை.

"மாமா, மிஷினை நிறுத்தச் சொல்லுங்க."

அம்மா அவரை அப்படிக் கூப்பிட்டு அன்றுதான் கேட்டேன். பெரியப்பாவும் அன்றுதான் கேட்டார் என்று நினைக்கிறேன். தேங்காய் கையிலேயே நின்றது.

மேஸ்திரி உள்ளே போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்தார். "பூச்சு வெடிச்சிருக்கும்மா, அஷ்டே, அவ்ளோதான். சுவருக்கு ஒண்ணும் ஆகல" என்றார்.

"இல்ல. மழைக்கு முன்னாலேருந்து பார்த்துட்டு வரேன். முட்டிக்கிட்டு இருக்கிற மாதிரி நான்தான் பொட்டு ஒட்டி வெச்சேன். இப்ப விலகிப் போச்சு. அது மேல பாரம் ஏத்த வேணாம்."

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "பொய்! நான்தான் ஒட்டினேன்!" என்று கத்தினேன். அம்மா என் தோளை அழுத்திப் பிடித்தாள். "நீ சும்மா இரு, பாப்பா" என்றாள்.

அப்பா அண்ணனுக்கு எதிராக வாழ்க்கையிலேயே ஒரே ஒரு வாக்கியம் பேசினார் என்றால் அது அன்றுதான். "ஒரு இன்ஜினியரைக் கூட்டிட்டு வந்து காட்டிடலாம்ணா" என்றார். பெரியப்பா தேங்காயைத் திண்டில் வைத்துவிட்டு உள்ளே போனார். மிஷின் திரும்பிப் போனது. வந்திருந்த சம்பந்திகள் காபி குடிக்காமல் எழுந்து போனார்கள்.

இன்ஜினியர் வருவதற்குச் சில நாட்கள் ஆயின. அந்த நாட்களில் இரண்டு வீட்டுக்கும் நடுவே குழம்புக் கிண்ணம் போகவில்லை. நல்ல காரியத்தில் வாய் வைத்தவள், என் பெண் கல்யாணம் நின்றால் யார் பொறுப்பு என்று பெரியம்மா அழுதது சுவரைத் தாண்டிக் கேட்டது. அம்மா வேலைகளைச் செய்துகொண்டே இருந்தாள், சரியாகச் சாப்பிடவில்லை. நானும் அவளோடு பேசவில்லை. பெரியம்மாவின் கோபம் மாடியைப் பற்றியது, என் கோபம் பொட்டைப் பற்றியது.

இன்ஜினியர் வந்து சுவரோரம் தரையைத் தோண்டச் சொன்னார். பழைய சாக்கடைக் குழாய் உடைந்து, அஸ்திவாரத்துக்குக் கீழே மண் அரித்துப் போயிருந்தது. பெரியப்பா குனிந்து கையை விட்டுப் பார்த்தார். தோள் வரை போனது. தளம் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்ஜினியர் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. பெரியப்பா கையைக் கழுவிக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்தார். "காபி இருக்காம்மா?" என்று அம்மாவிடமே கேட்டார். என் தபால் வேலை அன்றோடு போயிற்று. அக்காவின் கல்யாணம் குறித்த நாளில் நடந்து, அவள் ஈஜிபுராவில் வாடகை வீட்டில் நன்றாகவே குடித்தனம் செய்தாள்.

பிற்பாடு என் முதல் கட்டுரையைப் பார்த்தவர்கள், நிலம் நகரவில்லை, கருவியில்தான் கோளாறு என்று எழுதி அனுப்பினார்கள். என் பேராசிரியர் "அந்தக் கணக்கு என் பொறுப்பு" என்று அவர்களுக்குப் பதில் எழுதினார். கணக்குப் போட்டது நான். அதைப் படித்த அன்று எனக்கு அம்மாவின் நினைவு வந்து கண் கலங்கிவிட்டது. எனக்கு வாய்த்தவர்கள் எல்லாரும் இப்படியே வாய்த்தார்கள். யாருக்கு நான் கைம்மாறு செய்வது?

அந்த இன்ஜினியர் அன்று கிளம்பும்போது சுவரைக் காட்டி, "இந்தப் பொட்டெல்லாம் யாரும்மா ஒட்டினது? நல்ல வேலை" என்று கேட்டார். எல்லாரும் அம்மாவைப் பார்த்தார்கள். அம்மா என்னை முன்னால் இழுத்து நிறுத்தினாள்.

"பாப்பாதான் சார்."

அன்றைக்குப் பொய் சொன்னவள் இன்றைக்கு உண்மையைச் சொல்கிறாளே என்று எனக்குக் குழப்பமாக இருந்தது. சுவர் உறுதியாக இருந்திருந்தால் அந்தப் பொட்டுகளும் பழியும் ஆயுசு முழுக்க அம்மாவுடையவையாகவே இருந்திருக்கும் என்பது எனக்கு அப்போது தெரியவில்லை. செய்த தப்பை ஒருவழியாக ஒப்புக்கொண்டுவிட்டாள் என்று நினைத்து, பெரிய மனசு பண்ணி அவளை மன்னித்துவிட்டு விளையாடப் போனேன்.