சுத்தமாக வந்த கிண்ணம்

பண்ணையில் அவளை எல்லோரும் அண்ணி என்றுதான் கூப்பிட்டார்கள். டிராக்டர் ஓட்டும் அவள் கணவன் எல்லோருக்கும் அண்ணன். அந்த வழியில் வந்த உறவு. அவளைவிடப் பத்து வயது மூத்த மேற்பார்வையாளர்கூட, "அண்ணி, கொஞ்சம் தண்ணி குடுங்க" என்பார். வேலையாட்களின் சமையற்கூடத்தில் பாத்திரம் தேய்ப்பது அவள் வேலை. நாற்பது பேர் சாப்பிட்ட தட்டுகளும் அடிப்பிடித்த அண்டாக்களும் மத்தியானமானால் அவள் முன்னால் மலையாகக் குவிந்துவிடும்.

சமையற்கூடத்துக்கு எதிரே வண்டிக் கொட்டகை. அங்கே மூன்று டிராக்டர்கள். மூன்றுமே அவள் பிறப்பதற்கு முன்னால் வாங்கியவை. மெக்கானிக்குக்கு அந்த வண்டிகள் என்றால் உயிர். யாராவது புது வண்டியைப் பற்றிப் பேச்செடுத்தால் எழுந்து போய்விடுவான். ஆனால் ஒரே ஒரு வேலை மட்டும் அவனுக்கு வேப்பங்காய். காற்று வடிகட்டும் கிண்ணத்தைக் கழுவுவது.

அந்தக் காலத்து வண்டிகளில், எஞ்சினுக்குப் போகிற காற்று முதலில் ஓர் எண்ணெய்க் கிண்ணத்தில் முட்டிவிட்டுத்தான் மேலே ஏறும். தூசியெல்லாம் எண்ணெயில் தங்கிவிடும். தப்பித்த கொஞ்சநஞ்சத்தை மேலே இருக்கும் கம்பி வலை பிடித்துக்கொள்ளும். உழவு நாட்களில் தினமும் கிண்ணத்தைக் கழற்றி, அடியில் உறைந்த சேற்றைச் சுரண்டி, மண்ணெண்ணெயில் அலசி, உள்ளே போட்டிருக்கும் கோடு வரைக்கும் புது எண்ணெய் ஊற்ற வேண்டும். மெக்கானிக்குக்கு முதுகுவலி வேறு. ஒரு நாள் மூன்று கிண்ணங்களையும் தூக்கிவந்து அவள் முன்னால் வைத்தான்.

"அண்ணி, இதுவும் பாத்திரம்தானே? கையோட கையா இதையும் கழுவிடுங்களேன்."

"இதுல யாரு தம்பி சாப்பிட்டது?"

"வண்டிதான்."

"மிச்சம் வைக்கிற பழக்கம் அதுக்கும் இருக்கு போல" என்று சொல்லிவிட்டு வாங்கிக்கொண்டாள்.

சாப்பாட்டுப் பாத்திரத்தோடு அதைச் சேர்க்க மனம் ஒப்பவில்லை. பின்பக்கத்துக் குழாயடியில் தனியாக ஒரு தட்டமும் பழைய பிரஷ்ஷும் வைத்துக்கொண்டாள். ஒரு தடவை, வஞ்சனை வேண்டாமே என்று கோட்டுக்கு மேலே இரண்டு விரற்கடை எண்ணெய் ஊற்றிவிட்டாள். மெக்கானிக் பதறிப்போய் ஓடிவந்தான்.

"ஐயோ அண்ணி! அளவுக்கு மேல போனா எஞ்சின் அந்த எண்ணெயையே உறிஞ்சிக் குடிக்கும். அப்புறம் டீசலை நிறுத்தினாலும் நிக்காது, வெறி பிடிச்ச மாதிரி ஓடும்."

அதற்கப்புறம் கிண்ணத்தைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்த்துத்தான் எண்ணெய் ஊற்றுவாள். மூன்று வருடம் அப்படிப் போனது. சேற்றின் நிறத்தை வைத்தே எந்த வண்டி எந்த வயலுக்குப் போய்வந்தது என்று சொல்லிவிடுவாள். மேட்டு வயல் என்றால் வெளிர்மஞ்சள், வாய்க்கால் ஓரம் என்றால் கறுப்பு.

மழை பொய்த்த ஒரு வருடம், உழவு வண்டிகள் தூசிக்குள்ளேயே காணாமல் போய்க்கொண்டிருந்தன. ஓட்டுகிறவர்கள் கண் மட்டும் தெரிகிற மாதிரி துணி கட்டிக்கொண்டு திரும்பி வந்தார்கள். மற்ற இரண்டு கிண்ணங்களிலும் அரைக் கிண்ணத்துக்குச் சேறு. அவள் கணவனுடைய வண்டிக் கிண்ணம் மட்டும் ஊற்றிய எண்ணெய் ஊற்றியபடியே, பளிச்சென்று வந்தது.

பெருமையில் கணவனுக்குத் தலைகால் புரியவில்லை. "பார்த்தீங்களாடா, வண்டி ஓட்டறதுல இருக்கு சூட்சுமம்" என்று மற்ற டிரைவர்களிடம் அளந்தான். மெக்கானிக்கும் சிரித்துக்கொண்டே தலையாட்டினான்.

அவள் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தாள். மூன்று வண்டியும் ஒரே வயலில்தான் உழுதன. அவன் சட்டையை உதறினால் மற்றவர்களுடையதைப் போலவே மண் கொட்டுகிறது. அப்படியானால் வண்டிக்குள் போன மண் எங்கே?

அன்று சாயங்காலம் கணவனிடம் கேட்டாள். "ஏங்க, எண்ணெய் இவ்வளவு சுத்தமா இருக்கே, எனக்கு என்னவோ சரியாப் படலை."

"நல்லா ஓட்டினாலும் உனக்குக் குறையா?"

மறுநாளும் கேட்டாள். அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மூன்றாம் நாள் மெக்கானிக்கிடம் போனாள். அவன் வேறொரு வண்டிக்கு அடியில் படுத்திருந்தான். "சேறு இல்லைன்னா சந்தோஷப்படுங்க அண்ணி, வேலை மிச்சம்" என்று குரல் மட்டும் வந்தது.

நான்காம் நாள் காலை. வண்டிகள் வயலுக்குக் கிளம்பும் நேரம். அவள் கணவனுடைய கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு கொட்டகை வாசலில் உட்கார்ந்துவிட்டாள்.

"கிண்ணத்தைக் குடு, நேரமாகுது" என்றான் கணவன்.

"குடுக்கறேன். முதல்ல ஒண்ணு பார்த்துக்கறேன்."

மேற்பார்வையாளர் வந்தார், மெக்கானிக் வந்தான், மற்ற டிரைவர்கள் கூடிவிட்டார்கள். அவளுக்கு நாலு பேர் முன்னால் நின்று பேசிப் பழக்கமில்லை. பாத்திரம் துடைக்கிற தடித்த துணியை நனைத்து எடுத்துக்கொண்டு, ஓடிக்கொண்டிருந்த இன்னொரு டிரைவரின் வண்டியிடம் போனாள். காற்று உள்ளே போகிற தொப்பியைச் சுற்றி அந்த ஈரத்துணியை இறுக்கிப் பிடித்தாள். எஞ்சின் இரண்டு தடவை இருமிவிட்டு அடங்கிப்போனது.

"மூச்சை அடைச்சா நிக்குது. சரிதானே தம்பி?"

"சரிதான்" என்றான் மெக்கானிக். அவன் முகம் அப்போதே மாறத் தொடங்கியிருந்தது.

"இப்ப இந்தக் கிண்ணத்தை மாட்டி, நம்ம வண்டியை ஓட விடுங்க."

மாட்டினார்கள். வண்டி ஓடியது. அவள் ஏறி நின்று தொப்பியை அடைத்துப் பிடித்தாள். எஞ்சின் எதுவுமே நடக்காதது போல ஓடிக்கொண்டே இருந்தது. மெக்கானிக் வண்டியை நிறுத்திவிட்டு, வடிகட்டியிலிருந்து எஞ்சினுக்குப் போகிற ரப்பர் குழாயின் அடிப்பக்கம் கையை விட்டான். கண்ணுக்குத் தெரியாத இடத்தில், ஒரு சாண் நீளத்துக்குக் கிழிந்து வாய் பிளந்திருந்தது. எண்ணெயில் முட்டி மோதி ஏறுவானேன் என்று காற்று அந்தக் குறுக்கு வழியில் தூசியோடு நேரே எஞ்சினுக்குள் போய்க்கொண்டிருந்தது.

அன்றே எஞ்சினைப் பிரித்தார்கள். பிஸ்டன் ஏறி இறங்கும் உருளையின் உள்சுவரில் மெல்லிய கீறல்கள், தலைமயிர் மாதிரி. மெக்கானிக் அவள் கணவனின் கையைப் பிடித்து அங்கே வைத்தான். அவன் நகத்தால் தடவிப் பார்த்தான். மேலேயும் கீழேயுமாக வெகுநேரம் தடவிக்கொண்டிருந்தான்.

"இன்னும் பத்து நாள் ஓட்டியிருந்தா எஞ்சின் போயிருக்கும் அண்ணே. இப்ப பிஸ்டன் வளையம் மாத்தினா போதும், பொழைச்சுக்கும்."

அன்று இரவு வீட்டில் கணவன் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டான்.

"அத்தனை பேர் முன்னாடி காட்டணுமா? என்கிட்ட தனியா சொல்லியிருக்கலாம்ல?"

"ரெண்டு நாள் தனியாத்தான் சொன்னேன்."

அவளுக்கு ஜெயித்துவிட்ட மாதிரி இல்லை. பதினெட்டு வருடம் சேர்ந்து வாழ்ந்தவன், தான் சொன்னதைக் காதில் வாங்குவதற்கு ஓர் எஞ்சின் சாட்சி சொல்ல வேண்டியிருந்ததே என்றுதான் இருந்தது. தட்டை அவன் பக்கம் திருப்பி நகர்த்தினாள். கொஞ்ச நேரம் கழித்துச் சாப்பிட்டான்.

மெக்கானிக்தான் மேற்பார்வையாளரிடம் போய்ப் பேசினான். "குழாயைப் பார்த்திருக்க வேண்டியவன் நான். பார்க்கலை. அண்ணியைக் கொட்டகைக்கு அனுப்புங்க" என்றான். சமையற்கூடத்துக்கு வேறு ஆள் வந்தது. அவள் கிண்ணம், வலை, குழாய், அதை இறுக்கும் பட்டை என்று மூச்சுவிடும் பாகம் முழுவதையும் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டாள். மெக்கானிக்கோடு தினம் ஒரு சண்டை. மண்ணெண்ணெயை அவள் தண்ணீராகச் செலவழிக்கிறாள் என்பான். அவன் கஞ்சத்தனத்தில்தான் வலை அடைக்கிறது என்பாள்.

அடுத்த உழவு சமயத்தில், பக்கத்துப் பண்ணையிலிருந்து ஆள் வந்தது. அவர்களுடைய பழைய வண்டி ஒன்று புகை கக்கி இழுக்க மாட்டேன் என்கிறதாம். கணவன்தான் டிராக்டரில் அவளை உட்காரவைத்து அழைத்துப் போனான். சக்கரத்து மூடி மேல் கம்பியைப் பிடித்தபடி அவள் உட்கார்ந்திருக்க, மேடு பள்ளத்தில் வண்டியை மெல்ல மெல்ல ஓட்டினான். அங்கே போய் இறங்கியதும் பண்ணைக்காரர் நேரே அவனிடம் வந்து, "வாங்க, வண்டி இந்தப் பக்கம் நிக்குது" என்று கையைப் பிடித்தார்.

"நான் சும்மா ஓட்டிக்கிட்டு வந்தவன்தாங்க" என்றான் அவன். "பார்க்கப் போறது அவங்க."

அவளைப் பற்றி அவன் 'அவங்க' என்று சொன்னதை அவள் கவனித்தாள். பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு அந்த வண்டியை நோக்கி நடந்தாள்.