இருபத்தோராம் நாள் குட்டிகள்

நேற்று சத்திரம் பஸ் ஸ்டாண்டு ஓரமாக ஒருத்தன் வெள்ளெலி விற்றுக்கொண்டிருந்தான். கூண்டுக்குள் ஒரு பிளாஸ்டிக் டப்பாவைப் போட்டான். குட்டிகள் பாய்ந்து போய் மோந்தன. பெரிய எலி மூலையை விட்டு அசையவில்லை. ஈர மரத்தூளும் மூத்திரமும் கலந்த நெடி மூக்கில் ஏறியதும் எனக்குப் பழைய ஆத்திரம் பற்றிக்கொண்டது. கறிவேப்பிலை வாங்க மறந்து வீட்டில் திட்டு வாங்கியது தனிக்கதை.

நான் முதலில் சேர்ந்தது இங்கே ஒரு கல்லூரியில், எலிக்கூடம் கழுவும் வேலையில். துறையூரில் பெண் பார்க்கப் போனபோது ‘சயின்ஸ் டிபார்ட்மெண்ட்’ என்று மட்டும் சொல்லிக்கொண்டேன். பாலக்கரையிலிருந்து நசீமா என்ற பெண் அங்கே ஆராய்ச்சிக்கு வந்தாள். புது இடத்தில் விட்டால் எலி எந்த வயதில் என்ன செய்கிறது, இதுதான் அவள் கேள்வி. கண் திறந்த புதிதில் சுவரோரம் ஒண்டும். பிறகு ஒருநாள் துணிந்து நடுவே வந்து எல்லாவற்றையும் மோந்து திரியும். வளர்ந்தபின் நின்று யோசித்துத்தான் கால் வைக்கும். அந்தத் துணிச்சல் வரும் நாளைப் பிடிக்க வேண்டும். ஒரு குட்டியை ஒரு தடவைதான் சோதனைப் பெட்டிக்குள் விடலாம். மறுதடவை அது புது இடம் இல்லையே.

பதினெட்டாம் நாள் குட்டிகள் ஒண்டின, இருபத்துநாலாம் நாள் குட்டிகள் திரிந்தன. நடுவில் இருபத்தோராம் நாள் மட்டும் பாக்கி. ஆய்வை ஒப்படைக்க அவளுக்கிருந்த கெடு அந்த வாரத்தோடு முடிகிறது. இன்னொரு ஈத்துக் குட்டிகளுக்குக் காத்திருக்க நேரம் கிடையாது. இருபத்தோரு நாள் ஆன எட்டுக் குட்டிகள் தயாராக இருந்தன. அன்று காலை அவள் வருவதற்குள் துறைத்தலைவர் விருந்தாளிகளோடு வந்து நின்றார்.

“கூடத்துச் சாவியக் கொண்டாப்பா. இவங்களுக்கு எலி ஓடுறதக் காட்டணும்.”

“சார், அது நசீமாவோட...”

“புழுக்கை அள்ளுறவன் எனக்குப் பாடம் எடுக்குறியா?”

கொடுத்துவிட்டேன். எட்டையும் மொத்தமாகப் பெட்டிக்குள் கொட்டினார். விருந்தாளிகள் கைதட்டினார்கள். மடையர்கள்.

நசீமா வந்து பார்த்து அப்படியே நின்றாள்.

“அதுக்கென்னம்மா, நாளைக்கு மறுபடி விடு” என்றார் அவர்.

“நாளைக்கு அதுங்களுக்கு இருபத்திரண்டு நாள், சார். பெட்டியும் பழசு.”

அவர் டீ குடிக்கப் போய்விட்டார். இந்த ஆளுக்குத் தலைவர் நாற்காலி! அவள் என் பக்கம் திரும்பினாள்.

“சாவி தொலஞ்சுபோச்சுன்னு ஒரு பொய் சொல்லியிருக்கலாமேண்ணே.”

ஆய்வு முழுமையில்லை என்று திருப்பி அனுப்பியவரும் அதே தலைவர்தான். அவள் திரும்ப வரவில்லை. எலிக்கூடத்தை இடித்துவிட்டு இப்போது அங்கே கார் நிறுத்துகிறார்கள். அவள் நோட்டைப் பழைய பேப்பரோடு எடைக்குப் போட்டார்கள். அந்தக் கட்டைக் கட்டியது நான்தான். இருபத்தோராம் நாள் என்று தலைப்பு எழுதி, எட்டுக் குட்டிக்கும் கட்டம் போட்டு, காலியாக வைத்திருந்தாள்.