காலி நாற்காலியில் ஒரு துண்டு

தேனி பஸ் ஸ்டாண்டில் பஸ் உள்ளே திரும்பும்போதே ஜன்னல் வழியாகப் போட்டு இடம் பிடிப்பார்களே, அந்த மாதிரித் துண்டுதான். ஓரத்தில் திராட்சைக் கறை. நான் வக்கீல். என் கட்சிக்காரர் அதை எனக்காக ஒரு நாற்காலியில் போட்டு வைத்திருந்தார். நான் போகவில்லை.

அவர் கம்பம் பக்கத்துத் திராட்சை விவசாயி. கோல்டு ஸ்டோரேஜில் வைத்த ஒரு போக விளைச்சல் முழுக்க அழுகிப்போனது. ஒப்பந்தப்படி வழக்கு கோர்ட்டுக்குப் போகாமல் நடுவரிடம் வந்தது. ஓய்வுபெற்ற நீதிபதியான அவர் தேனியில் தன் வீட்டு முன்னறையில் வைத்தே விசாரித்தார். முதல் நாளே இரண்டு வக்கீல்களிடமும் கறாராகப் பேசிவிட்டார். "அஞ்சு அமர்வுக்குத்தான் ஃபீஸ். அதுக்கு மேல எத்தனை நாள் இழுத்தாலும் கட்சிக்காரங்ககிட்டக் கை நீட்டக் கூடாது. சம்மதமா?" பெரிய தர்மவான் போலத் தலையாட்டினேன். நல்ல ஏற்பாடுதான். அதில் இன்றும் குறை சொல்ல மாட்டேன்.

ஆறாவது அமர்வில் ஸ்டோரேஜ் மேனேஜரை நான் குறுக்கு விசாரணை செய்ய வேண்டும். கரண்ட் போன நாட்களில் ஜெனரேட்டர் ஓடியதா என்ற ஒரே கேள்வியில்தான் வழக்கே நின்றது. அன்று பெரியகுளம் கோர்ட்டில் எனக்கு வேறொரு வழக்கு, ஃபீஸ் வருகிற வழக்கு. அதற்குப் போனேன். ஒரு போன் செய்து வாய்தா கேட்டிருக்கலாம். அதைக்கூடச் செய்யவில்லை. காசு வராத நாளுக்கு நான் கொடுத்த மரியாதை அவ்வளவுதான். எழுதவே கூசுகிறது.

நடந்ததை எதிர்த்தரப்பு வக்கீல் பிறகு சொன்னார். நடுவர் மதியம் வரை காத்திருந்து, "வேற தேதி போடட்டுமா?" என்று கேட்டாராம். என் கட்சிக்காரர் பக்கத்து நாற்காலியில் போட்டிருந்த துண்டைக் காட்டி, "வேணாங்கய்யா, எங்க வக்கீலு சொன்னா வந்திருவாக" என்றாராம். நீங்களே ஏதாவது கேட்கிறீர்களா என்றதற்கு, "அதெல்லாம் அவுகளுக்குத்தான் தெரியும்" என்றிருக்கிறார். மேனேஜர் ஒரு கேள்வியும் இல்லாமல் எழுந்து போனார்.

மறுநாள் காலை பெரியகுளத்தில் என் ஆபீஸ் வாசலில் கட்சிக்காரர் வந்து நின்றார். திட்டப்போகிறார் என்று ஒரு பொய்யைத் தயார் செய்துகொண்டேன். அவரோ என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நல்லாத்தான இருக்கீக? பஸ்ஸு கிஸ்ஸு கவுந்துருச்சோன்னு பொட்டுத் தூக்கமில்லய்யா" என்றார். அப்போதும் உண்மை வாயில் வரவில்லை. காய்ச்சல் என்றேன். "ஒடம்பப் பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சாட்சியை மறுபடி கூப்பிடச் சொன்னால் நடுவரிடமும் அந்தப் பொய்யைச் சொல்ல வேண்டும். பயந்து, கேட்காமல் விட்டேன். வழக்கு தோற்றது. கட்சிக்காரர் தோட்டத்தில் பாதியை விற்றார்.

இப்போதும் பஸ்ஸில் துண்டு போட்ட சீட்டில் நான் உட்காருவதில்லை. "ஆள் வருது" என்பார்கள் பக்கத்தில் இருப்பவர்கள். அந்த ஆள் வந்து உட்காரும் வரை படிக்கட்டையே பார்த்துக்கொண்டு நிற்பேன்.