சாம்பிராணி வீட்டில் ஒரு சென்சார்

நாற்றத்தை அளப்பதுதான் என் உத்தியோகம். பொறியியல் படித்து லண்டன் வரை போனது இதற்குத்தானா என்று சென்னையில் சொந்தக்காரர்கள் கேட்பார்கள். நாறாத உத்தியோகம் எது, சொல்லுங்கள் என்பேன்.

வடக்கு லண்டனில், எட்மண்டன் பகுதியில் கொழுப்பு உருக்கும் ஆலை ஒன்றின் பின்தெருவில் யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர் இருந்தார். ஆலை நாற்றம் தாங்க முடியவில்லை என்று கவுன்சிலுக்குப் பலமுறை முறையிட்டிருந்தார். நாள் சொல்லிவிட்டு வந்து பார்த்த அதிகாரிகளுக்கோ ஒரு நாற்றமும் தெரியவில்லை. கொரோனாவில் மோப்பத்தைப் பறிகொடுத்த கணவர், மனைவிக்குத்தான் விசர், புத்தி பிசகிவிட்டது என்று முடிவுகட்டி, மனநல மருத்துவரைப் பார்க்க நாள் வாங்கியிருந்தார்.

கடைசியில் கவுன்சில் எங்கள் கம்பெனியை அனுப்பியது. வாயுக்களை உணரும் சென்சார் பெட்டிகளில் ஒன்றை ஆலை வேலியிலும் இன்னொன்றை அவர் வீட்டுப் பின்கதவருகிலும் பொருத்தினேன். இரண்டும் ஒரே வாயுக்களைக் காட்டினால் ஆலை அகப்பட்டுவிடும். ஆனால் வேலிப் பெட்டி சும்மா கிடக்க, வீட்டுப் பெட்டி மட்டும் எகிறியது. அதுவும் நான் பரிசோதிக்கப் போகும் நாள்களில்தான். சட்டையைத் துவைத்துப் போடு என்று ஆபீசில் கேலி செய்தார்கள்.

அதுவரை பின்கதவோடு திரும்பிவிடுவேன். அடுத்த முறை வீட்டுக்குள் நுழைந்ததும் விஷயம் புரிந்தது. கூடம் முழுக்கச் சாம்பிராணிப் புகை.

"என்னம்மா இது? கவுன்சில்காரங்க வந்தப்பவும் போட்டீங்களா?"

"ஓம் தம்பி. வீட்டுக்கு வாற ஆக்களை நாத்தத்துக்கை இருத்த ஏலுமே?"

எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தன. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, இவர் அதைச் சாம்பிராணி வாங்கிச் செய்திருக்கிறார். இனி யார் வந்தாலும் புகை போடவே கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னேன். முகம் சுண்டிப்போனாலும் ஒப்புக்கொண்டார்.

சில நாளில் காற்று ஆலைப் பக்கமிருந்து வீசத் தொடங்கியது. முதலில் வேலிப் பெட்டி எகிறியது. பின்னாலேயே வீட்டுப் பெட்டியும், அதே வாயுக்களுடன்.

லேப்டாப்பை எடுத்துப்போய் இருவருக்கும் காட்டினேன். கணவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப, நாத்தம் மெய்தானே தம்பி?" என்றார் அந்த அம்மா.

"மெய்தாம்மா. ஆலையிலிருந்துதான் வருது."

கணவரை ஒரு பிடி பிடிக்கப் போகிறார் என்று ஆவலாக இருந்தேன். அந்த அம்மாவோ நாற்காலியில் உட்கார்ந்து விம்மி விம்மி அழுதார்.

"எனக்கே ஐமிச்சம் வந்திட்டுது தம்பி, எனக்கு விசர்தானோ எண்டு."