சித்தப்பாவை யாரென்று சொன்னேன்

சென்ற ஆண்டு பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை, காலை ஆறேகால் பஸ்ஸில் என் சித்தப்பா மனுவேல் ஏற்காட்டை விட்டுக் கிளம்பினார். சேலத்தில் ரயில் ஏறிச் சென்னைக்கு. மறுநாள் பூசைக்கு வர முடியாது என்று மாதா கோயில் உபதேசியாரிடம் முன்கூட்டியே சொல்லியிருந்தார். இருபது வருடத்தில் அவர் தவறவிட்ட முதல் ஞாயிறு பூசை அது. கடலில் தூண்டில் போட வேண்டும் என்பதற்காக.

அவர் வெள்ளக்கடைப் பக்கம் ஒரு காபி எஸ்டேட்டில் பம்ப் ஆபரேட்டர். ஐம்பத்து மூன்று வயது, தனிக்கட்டை. எஸ்டேட் குளத்திலிருந்து தொழிலாளர்களின் லைன் வீடுகளுக்குத் தண்ணீர் ஏற்றுவது வேலை. வேலை முடிந்ததும் அதே குளத்தில் கேழ்வரகு மாவு உருண்டையைக் கோத்துத் தூண்டில் போட்டு உட்கார்ந்துவிடுவார். என் அப்பா அங்கேயே கணக்கெழுதும் ரைட்டராக இருந்து இறந்தவர். அதற்குப் பிறகு எனக்கு எல்லாமே சித்தப்பாதான்.

நான் ஆறு வருடம் ஊர் ஊராகச் சுற்றினேன். ஓட்டல் சமையலறை, விடுதி வரவேற்பறை என்று எந்த வேலையிலும் ஒரு வருடம் தங்கியதில்லை. ஓமனில் இருந்தபோது கடற்கரையில் நின்று மீன் பிடிக்கப் பழகினேன். சித்தப்பாவுக்கு ஒரு போட்டோ அனுப்பினேன். உடனே போன் வந்தது.

"ஏங்கண்ணு, கடல்லயும் கரைல நின்னே போடலாமா? படகு வேண்டாமா?"

"வேண்டாங்க சித்தப்பா. ஊருக்கு வந்ததும் கூட்டிட்டுப் போறேன்."

அதன் பிறகு எப்போது பேசினாலும் கடைசியில் அந்தப் பேச்சுதான்.

திரும்பி வந்து சென்னையில் வேலைக்குச் சேர்ந்தேன். ஞாயிறுதோறும் கோவளம் பக்கம் தூண்டில் போடும் ஒரு குழுவோடு பழக்கமானது. எல்லோரும் காரில் வருகிறவர்கள். முதல் நாளே அவர்களில் ஒருவரான அன்பழகன் கேட்டார்: "ஏற்காடா? சொந்தமா எஸ்டேட் இருக்கா?" நான், "இருக்கு, காபி" என்றேன். கையில் எதுவும் இல்லாமல் திரும்பி வந்தவளுக்கு அந்த நேரத்தில் அது தேவைப்பட்டது. பிறகு மாற்றிச் சொல்லவில்லை.

ஞாயிறு விடிந்ததும் சித்தப்பாவை அங்கே அழைத்துப் போனேன். போகும் வழியிலேயே சொல்லிக்கொடுத்தேன்: மாவு அலையில் கரைந்துவிடும், இறால் துண்டுதான் கோக்க வேண்டும், ஈயக் குண்டு கனமாக இருக்க வேண்டும், அலை உடையும் இடத்தைத் தாண்டி ஒரு பள்ளம் இருக்கும், அங்கேதான் மீன் மேயும். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

ஆனால் கரைக்கு வந்ததும் செருப்பைத் தூரத்தில் கழற்றி வைத்துவிட்டு, ஈர மணலுக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டார். அலை வர வரப் பின்னால் நகர்ந்தார். அங்கிருந்து வீசியதெல்லாம் நுரையிலேயே விழுந்து, அலையோடு காலடிக்குத் திரும்பி வந்தது.

"ஐயா, கடல் கடிக்காது, இறங்குங்க!" என்றார் ஒருவர்.

"சோப்பு போட்டுக் குளிச்சிட்டுதான் இறங்குவாரு போல" என்றார் இன்னொருவர்.

சித்தப்பாவும் சிரித்தார். "குடிக்கிற தண்ணிலயே தூண்டி போட்டுப் பழக்கமுங்க. எங்க கொளத்துல யாரும் கால வெக்க மாட்டமுங்க. அதான் காலு போவ மாட்டேங்குது."

எல்லோரும் சத்தமாகச் சிரித்தார்கள். அன்பழகன் என் பக்கம் திரும்பி, "யாருங்க இவரு?" என்றார்.

"எங்க எஸ்டேட்ல பம்ப் போடுறவரு. கடலைப் பாக்கணும்னாரு, கூட்டிட்டு வந்தேன்."

சித்தப்பா நான்கடி தூரத்தில்தான் நின்றிருந்தார். அவர் என்னைப் பார்க்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நேராகத் தண்ணீருக்குள் இறங்கினார். முழங்கால் அளவில் நின்று திரும்பி, எல்லோருக்கும் கேட்கும்படியாக, "மேடம், எந்தப் பக்கமுங்க வீசோணும்?" என்றார்.

நான் கையைக் காட்டினேன். வேறு என்ன செய்ய முடியும்?

பத்து மணி வரை நின்றார். ஒன்றும் கிடைக்கவில்லை. கிளம்பும்போது என் பையையும் தூண்டில்களையும் அவரே தூக்கிக்கொண்டு எனக்கு இரண்டடி பின்னால் வந்தார். வாங்கப் போனேன், "அவங்க பாக்கறாங்க" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுத் தர மறுத்துவிட்டார்.

ஆட்டோவில் கேட்டேன்: "ஏன் சித்தப்பா அப்படிக் கூப்பிட்டீங்க?"

"நீ ஒண்ணு சொல்லிப்போட்ட. அத்தன பேரு முன்னால அதப் பொய்யாக்கச் சொல்றியா கண்ணு?"

திட்டியிருந்தால் அழுதாவது தீர்த்திருப்பேன். மன்னித்துவிடுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் அவர், "மொழங்கால் வரைக்கும் என்னா இழுவ இழுக்குது!" என்று கடலைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். ரயில் நிலையம் வரும்வரை அதையே பேசினார். நான் ஊம் கொட்டிக்கொண்டிருந்தேன்.

அந்தக் குழுவுக்கு நான் அதற்கப்புறம் போகவில்லை. அவர்களிடம் உண்மையைச் சொல்லவும் இல்லை. கிறிஸ்துமஸுக்கு ஏற்காட்டுக்கும் போகவில்லை. லீவு கிடைக்கவில்லை என்றேன். கிடைத்திருந்தது. போனில் அவர் உடம்பை விசாரித்தார், சாப்பாட்டை விசாரித்தார். கடலைப் பற்றி மட்டும் கேட்பதில்லை. நான்தான் அவருக்கு அந்த ஆசையைக் காட்டினேன், நான்தான் அதைக் கெடுத்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இந்த ஜனவரியில், ஒரு திங்கட்கிழமை வேலைக்கு நடுவே, அவரிடமிருந்து ஒரு போட்டோ வந்தது. ஈர மணலில் வரிசையாக மூன்று கிழங்கான் மீன்கள். பின்னால் கோவளத்துக் கடல். கீழே எழுதியிருந்தார்:

"நேத்து வந்திருந்தேன் கண்ணு. இது நாலாவது தடவ. வழி தெரிஞ்சுபோச்சு, இனி உனக்கு செரமமில்ல."